மொட்டை மாடியில் தொடங்கும் குளிர்ச்சி

நகராட்சியின் பொறியியல் பிரிவுக்குப் புதிதாக ஒரு கட்டடம் கட்டுவதென்றால் எஸ்டிமேட்டின் கடைசிப் பக்கங்களில் ஏசிக்கு ஒரு வரி இருக்கும். இத்தனை அறை, இத்தனை டன், இத்தனை ரூபாய் என்று அது முடிந்துவிடும். பெரும்பாலும் படம் வரைந்து, சுவரும் சன்னலும் தீர்மானமாகி, அறைகளின் சதுர அடி தெரிந்த பிறகே அந்த வரி எழுதப்படுகிறது. அதாவது, கட்டடம் எவ்வளவு சுடும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்தச் சூட்டை வெளியேற்ற எவ்வளவு பணம் ஆகும் என்று பிறகு கேட்கிறோம். உசிலம்பட்டி போன்ற ஓர் ஊரில் இந்த வரிசை தலைகீழானது என்பதே இன்று நான் முன்வைக்கும் வாதம். இங்கே ஒரு பொதுக் கட்டடத்தின் முதல் குளிர்சாதனம் அதன் கூரை. இரண்டாவது, சன்னல்களும் காற்றும். மூன்றாவது, மின்விசிறி. ஏசி நான்காவதாகத்தான் வரவேண்டும். சில அறைகளுக்கு அது கட்டாயம் வரவும் வேண்டும். ஏசி கூடாது என்று பேச நான் வரவில்லை. மே மாதத்தில் 38, 39 டிகிரி சாதாரணமாகவும், சில நாள்களில் 40ஐத் தாண்டியும் காயும் சமவெளியில் அப்படிப் பேசுவது, வேலை செய்கிறவர்களின் உடம்பை மதிக்காத பேச்சாகிவிடும்.

முதலில் சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். உசிலம்பட்டி ஏறக்குறைய வடக்கு 10ஆவது அட்சக்கோட்டில் இருக்கிறது. அதனால் ஆண்டில் இரண்டு முறை நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. ஒன்று ஏப்ரல் 16ஐ ஒட்டி, அதாவது சித்திரை பிறந்த ஓரிரு நாளில். மற்றொன்று ஆகஸ்ட் 27ஐ ஒட்டி, ஆவணியில். இதற்கு இடைப்பட்ட நான்கு மாதத்துக்கும் மேலான காலத்தில் நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கிறது. தெற்குச் சன்னலை மறைத்தால் போதும், வடக்கைத் திறந்து வை என்று வட நாடுகளின் பாடப்புத்தகம் சொல்வது இங்கே அப்படியே பொருந்தாது. நம் ஊரில் வெயில் முழு பலத்தோடு விழும் இடம் தெற்குச் சுவரோ வடக்குச் சுவரோ கிடையாது. அது மொட்டை மாடி. தெளிந்த வானத்தில், உச்சி வெயிலில், கிடைமட்டமான ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1,000 வாட் விழுகிறது. பத்தடிக்குப் பத்தடி அறையின் கூரை சுமார் 9 சதுர மீட்டர். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் ஒன்பதைச் சூடேற்றி அந்தத் தளத்தின் மேல் கவிழ்த்து வைத்ததற்குச் சமம் அது. அதில் ஒரு பகுதியைக் காற்று கொண்டு போகும், ஒரு பகுதி வானுக்குத் திரும்பும். மிச்சம் கான்கிரீட்டுக்குள் இறங்கும்.

இறங்கும் அளவை ஓர் உத்தேசக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் சதுர அடி கூடம், மேலே ஆறு அங்குலக் கான்கிரீட் தளம், அதன்மேல் வெறும் சிமெண்ட் பூச்சு என்று வைத்துக்கொள்வோம். கத்திரி வெயிலில் அத்தகைய தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியை எட்டும். உள்ளே 30 டிகிரி இருந்தால், நடுவிலுள்ள கான்கிரீட் சதுர மீட்டருக்கு நூறு வாட்டுக்கும் சற்று அதிகமாகக் கடத்தும். கூடம் முழுவதற்கும் அது பத்து கிலோவாட்டுக்கு மேல். ஏசிக்காரர்களின் கணக்கில் ஒரு டன் என்பது மூன்றரை கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன்; ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பத்திலிருந்து வந்த அளவு அது. ஆக, கூரை மட்டுமே மூன்று டன் கேட்கிறது. உட்கார்ந்து எழுதும் ஒரு மனிதரின் உடம்பு சுமார் 115 வாட் வெப்பம் விடும் என்றால், அந்தக் கூரை ஏறக்குறைய தொண்ணூறு பேரைக் கூடத்துக்குள் கூடுதலாக உட்கார வைத்ததற்கு ஈடு. அங்கே உண்மையில் வேலை பார்ப்பவர்கள் இருபது பேராக இருக்கலாம். அவர்களுக்காக வாங்குவதாக நினைத்து, கண்ணுக்குத் தெரியாத தொண்ணூறு பேருக்கு ஏசி வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

அதே தளத்துக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சோ வெள்ளைத் தட்டோடோ போட்டால் மேற்பரப்பு நாற்பதைச் சற்றுத் தாண்டிய அளவில் நிற்கும். மூன்று டன் ஒன்றேகால் டன்னாக இறங்கும். தளத்துக்கும் தட்டோட்டுக்கும் நடுவே இரண்டு அங்குல வெப்பத் தடுப்பு அட்டை வைத்தால், மேலே சூடு எப்படியிருந்தாலும் உள்ளே வருவது அரை டன்னுக்கும் கீழே போய்விடும். இதில் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய்ச் சாறும் சேர்த்து அடித்து, அதன்மேல் தட்டோடு பதித்த கொத்தனார்கள் இந்த வேலையைத்தான் செய்தார்கள். மழைநீர் வழிவதற்காக என்று மட்டும் அதை நினைத்துக்கொண்டு, வழிவதற்கு சிமெண்ட் போதும் என்று கைவிட்டோம். வெப்பத்தைத் தடுக்கும் அடுக்கும் அதோடு போயிற்று.

கூரை சுட்டால் அறைக்காற்று சூடாகும் என்பது மட்டும் விஷயமில்லை. நம் உடம்பு காற்றை மட்டும் உணர்வதில்லை. சுற்றியுள்ள சுவர், தரை, கூரை ஆகியவற்றிலிருந்து வரும் கதிர்வீச்சையும் ஏறக்குறைய அதே அளவுக்கு உணர்கிறது. காற்று 24 டிகிரி இருந்தாலும் தலைக்கு மேல் கூரையின் அடிப்புறம் 40 டிகிரி இருந்தால் அனல் தெரியத்தான் செய்யும். ஏசியை 18இல் வைத்தாலும் குளிரவில்லை என்று மேல்மாடி அலுவலகங்களில் சொல்கிறார்களே, அந்தப் புகார் பொய்யில்லை. பழி மட்டும் இடம் மாறி ஏசியின் மேல் விழுகிறது. எரிசக்தித் திறன் செயலகம் 2020 ஜனவரி முதல் அறை ஏசிகள் இயல்பாகவே 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதித்தது. ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏறக்குறைய 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்பது அது சொல்லும் கணக்கு. நல்ல விதிதான். ஆனால் சுடும் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவரிடம் 24இல் வையுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்புவதில் நியாயம் இல்லை. கூரையைச் சரிசெய்துவிட்டால் அந்தச் சுற்றறிக்கைக்கு வேலையே இருக்காது.

சுவர்களில் மேற்குதான் தொல்லை. ஜூனில் நண்பகல் சூரியன் செங்குத்திலிருந்து பதின்மூன்று, பதினான்கு டிகிரி மட்டுமே வடக்கே சாய்ந்திருக்கிறது. அப்போது வடக்குச் சன்னலுக்கு மேல் ஓரடி சன்ஷேடு போட்டால் நாலடி உயரத்துக்கு நிழல் விழும். டிசம்பரில் தெற்கே அதிகம் சாயும். ஓரடிக்கு ஒன்றரை அடிதான் நிழல். ஆனால் அது மார்கழி வெயில், தாங்கலாம். மாலை நான்கு மணிக்கு மேற்கிலிருந்து படுத்தாற்போல் வரும் வெயிலுக்கு எந்தச் சன்ஷேடும் தடையாகாது. எனவே கட்டடத்தின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். உட்கார்ந்து வேலை செய்யும் அறைகள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். மாடிப்படி, கழிப்பறை, பைப்பும் வால்வும் வைக்கும் ஸ்டோர் ஆகியவை மேற்கு ஓரத்தில் அடுக்கி வெயிலை வாங்கிக்கொள்ளட்டும். இதற்கு ஒரு செங்கல்கூடக் கூடுதலாகச் செலவில்லை. மனையின் முகப்பு சாலையைப் பார்த்து மேற்கே இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். வாசல் மேற்கே இருக்கலாம். வாசலுக்கு முன் ஆழமான தாழ்வாரம் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். முகப்பு முழுக்கக் கண்ணாடி பதிப்பதைத்தான் நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். அது எஸ்டிமேட்டில் அழகு என்ற பெயரில் நுழைந்து, ஒவ்வொரு மாதமும் மின் கட்டணமாக வெளியே வருகிறது.

இதில் உண்மையான சிக்கல் ஒன்று இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில், ஆனி ஆடியில், நமக்குக் காற்று மேற்கிலிருந்துதான் வருகிறது. கம்பம், தேனிப் பக்கத்தில் காற்றாலைகள் சுழல்வது அந்தக் காற்றால்தான். வேண்டாத வெயிலும் வேண்டிய காற்றும் ஒரே திசையிலிருந்து வந்தால் எதற்குச் சன்னல் வைப்பது? மேற்கு முகத்தில் சன்னலுக்குப் பதில் துளைச்சுவர் வைப்பது ஒரு வழி. திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களில் லாரி பேக்கர் 1970களில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி இதைப் பெரிய அளவில் செய்து காட்டினார். காற்று நுழையும்; வெயில் சிறு சிறு புள்ளிகளாக உடைந்து தாழ்வாரத்திலேயே நின்றுவிடும். மற்றொரு வழி, வடக்கு, தெற்குச் சன்னல்களின் ஓரத்தில் செங்குத்தாகச் சிறு சுவர் நீட்டி, பக்கவாட்டில் போகும் காற்றைப் பிடித்து உள்ளே திருப்புவது. ஆடிக்காற்றோடு புழுதியும் வரும், கோப்புகளும் பறக்கும் என்பது சரியான ஆட்சேபம். அதனால்தான் துளைச்சுவரைத் தாழ்வாரத்தில் வைக்கச் சொல்கிறேன், அறைச் சுவரில் இல்லை.

இரவைப் பற்றி அதிகம் பேச வேண்டும். நம் அலுவலகங்கள் அதை முற்றாக வீணடிக்கின்றன. பகலில் 39 டிகிரி காய்ந்த ஊர் விடியற்காலையில் 26 டிகிரிக்கு இறங்குகிறது. அந்தப் பதின்மூன்று டிகிரி வித்தியாசம் இலவசமாகக் கிடைக்கும் குளிர்ச்சி. ஆனால் மாலை ஐந்தே முக்காலுக்கு எல்லாச் சன்னல்களையும் சாத்திப் பூட்டுகிறோம். நாள் முழுக்கச் சூடு வாங்கிய கான்கிரீட் இரவு முழுக்க அதை உள்ளேயே விடுகிறது. காலை பத்து மணிக்குக் கதவைத் திறக்கும்போது முகத்தில் அறையும் வெப்பம் முந்தின நாளுடையது. அன்றைய ஏசியின் முதல் ஒரு மணி நேரம் நேற்றைய வெயிலோடு மல்லுக்கட்டுவதிலேயே போகிறது. திருட்டு, திடீர் மழை என்று காரணம் சொல்வார்கள். சன்னலை மூடட்டும்; கூரையை ஒட்டி, கம்பியும் கொசுவலையும் சாய்ந்த மழைத்தடுப்பும் உள்ள வெண்டிலேட்டர்களை எதிரெதிர்ச் சுவர்களில் திறந்தே விடலாம். ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் விடியும்வரை ஓடினால் இன்னும் நல்லது. பழைய வீடுகளில் எல்லா அறையிலும் இருந்த வெண்டிலேட்டர், ஃபால்ஸ் சீலிங் வந்ததும் மறைந்துபோனது.

மதுரையில் 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலைக் காட்டி, அந்தக் காலத்தில் ஏசியா இருந்தது என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மகால் வெறும் காட்சிப்பொருளாக இருக்கவில்லை. ஆளுநர் நேப்பியர் காலத்தில் சீர்செய்யப்பட்ட பின் 1970 வரை நீதிமன்றம் அங்கேதான் நடந்தது. சென்னையில் பொதுப்பணித் துறையே 1859இல் அரசு ஏலத்தில் வாங்கிய சேப்பாக்கம் அரண்மனை வளாகத்தில்தான் வேரூன்றியது. தடித்த சுவர், உயர்ந்த கூரை, ஆழ்ந்த தாழ்வாரம் ஆகியவற்றுக்குள் பல தலைமுறை அலுவலர்கள் வேலை செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதைப் பார்த்து மூன்றடிச் சுவர் எழுப்ப இன்று நகராட்சியிடம் பணமும் கிடையாது, இடமும் கிடையாது. எனக்கு அதைவிடப் பயனுள்ள சாட்சி புதுச்சேரியின் கோல்கொண்டா விடுதி. அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து 1937இல் கட்டத் தொடங்கிய அந்தக் கட்டடம் நம் கட்டடங்களைப் போலவே கான்கிரீட்டால் ஆனது, மெல்லிய உடம்பு கொண்டது. தளத்துக்கு மேல் இடைவெளி விட்டு வளைந்த ஓடுகளால் இரண்டாவது கூரை, வடக்கிலும் தெற்கிலும் முழுச் சுவருக்கும் திருப்பக்கூடிய பலகைகள். கான்கிரீட்டில் கட்டினால் ஏசி இல்லாமல் முடியாது என்ற பேச்சுக்கு அது நீண்ட காலமாகப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

அடுத்து, எவ்வளவு குளிர்ச்சி வேண்டும் என்ற கேள்வி. ஆமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் சென்னை உட்பட ஐந்து இந்திய நகரங்களின் அலுவலகங்களில் ஆயிரக்கணக்கானோரிடம் கேட்டு ஓர் அளவை வகுத்தது. சன்னல் திறந்த கட்டடங்களில் வேலை செய்யும் நம்மவர்கள், வெளியில் சராசரி 31 டிகிரி இருக்கும் நாள்களில், உள்ளே இருபத்தொன்பதரை டிகிரியை இதமாக உணர்கிறார்கள் என்பது அந்த வாய்பாட்டிலிருந்து கிடைக்கும் விடை. 32 வரை பெரும்பாலோர் ஏற்கிறார்கள். இது பழகிப்போன உடம்பின் பொறுமை மட்டும்தானா, வேறு வழியில்லாதவர்களின் சம்மதத்தை இதம் என்று எழுதிவிட்டோமா என்று ஐயப்படலாம். ஐயம் நியாயமானது. ஆனால் அதே ஆய்வில் ஏசி அறைகளில் இருப்பவர்களும் நாம் வழக்கமாக வைக்கும் அளவைவிடக் கூடுதல் வெப்பத்தை ஏற்றார்கள். 30 டிகிரி அறையில் மின்விசிறி நன்றாகச் சுழன்றால் உடம்பு இரண்டு, மூன்று டிகிரி குறைவாகவே உணரும். இப்போது கிடைக்கும் பிஎல்டிசி மின்விசிறி 30 வாட் சுமாரில் ஓடுகிறது. இருபது மின்விசிறிகளுக்கு 600 வாட். ஒரே ஒரு ஒன்றரை டன் ஏசி கேட்பதில் பாதிகூட இல்லை. மின்விசிறி போட்டால் அனல்தான் அடிக்கிறது என்பது வெறும் கான்கிரீட்டுக்குக் கீழே உண்மை; கூரையின் அடியில் தேங்கிய சூட்டை அது கீழே தள்ளுகிறது. கூரை குளிர்ந்தால் அதே மின்விசிறி வேறு வேலை செய்யும்.

இவ்வளவுக்குப் பிறகு ஏசிக்கு வருவோம். கணினி சர்வர் இருக்கும் சிற்றறை, கூட்ட அறை, இருபது கணினிகளோடு வரைபடம் போடும் அறை ஆகியவற்றுக்கு அது தேவை. எந்த ஏசி? ஐதராபாத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் 2011இல் ஒரே கட்டடத்தின் ஒரு பாதியை வழக்கமான முறையிலும் மறு பாதியைக் கூரைத்தளத்துக்குள் குளிர்நீர்க் குழாய் ஓட்டியும் குளிரூட்டி ஒப்பிட்டது. குழாய் முறை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மின்சாரத்தை மிச்சப்படுத்தியது. அற்புதமான வேலை. ஆனால் உசிலம்பட்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். ஐப்பசி ஈரத்தில் கூரை வியர்க்காமல் பார்த்துக்கொள்ளக் கட்டுப்பாட்டுக் கருவிகளும், அவற்றை அறிந்த ஆளும் வேண்டும். பழுதானால் உள்ளூர் மெக்கானிக் அன்றே ஏணி வைத்து ஏறிச் சரிசெய்யக்கூடியது இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசிதான். சிறிய நகராட்சிக்கு அந்தத் தகுதி நட்சத்திரக் குறியீட்டைவிடக் குறைந்ததில்லை. குளிர்நாடுகளில் புகழப்படும் நிலத்தடிக் குழாய் முறையும் அப்படித்தான். அங்கே மண்ணுக்கடியில் ஆண்டு முழுக்கப் பத்து டிகிரி அளவில் இருப்பதால் கோடையில் குளிரும், பனிக்காலத்தில் கதகதப்பும் கிடைக்கின்றன. நம் மண் ஆண்டின் சராசரியான 28, 29 டிகிரியில் கிடக்கிறது. அதிலிருந்து எடுக்க அதிகமில்லை. வெப்பமூட்டும் கேள்வி கொடைக்கானல் நகராட்சிக்கு வரலாம், நமக்கு வராது.

ஏர்கூலர் மலிவாயிற்றே என்பார்கள். வெளியில் 38 டிகிரி, ஈரப்பதம் 40 விழுக்காடு இருக்கும் பிற்பகலில் நல்ல ஏர்கூலர் 29 டிகிரி காற்றைத் தரும். ஆனால் அது தண்ணீரைக் குடித்துத்தான் குளிர்விக்கிறது. வைகை அணையிலிருந்து 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வருமா என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஊரில், கோடையின் உச்சத்தில், ஏர்கூலருக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு நகராட்சி முதலில் விடை வைத்திருக்க வேண்டும். பெரிய கூடம் ஒன்றுக்கு, சேகரித்த மழைநீரைக் கொண்டு என்றால் சரி.

கூரையில் சோலார் போட்டுவிட்டால் மின்சாரம் இலவசம், பிறகு ஏன் இந்தத் தொல்லை என்பது இன்று அதிகம் கேட்கும் ஆட்சேபம். சோலார் போடுங்கள், தளத்திலிருந்து உயர்த்திச் சட்டத்தில் நிறுத்தினால் பலகைகளே நிழலும் தரும். ஒரு கிலோவாட் பலகை நூறு சதுர அடி இடம் பிடித்து நாளுக்கு நான்கு யூனிட் தரும். கூரை வழியே வரும் சூட்டை வெளியேற்றவே அதைச் செலவிட்டால், தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் எது மிஞ்சும்? வெள்ளைக் கூரை அழுக்காகும் என்பதும் மெய்தான்; பங்குனியில் ஒரு நாள் கழுவ வேண்டும், சில ஆண்டுக்கொரு முறை மறுபூச்சு வேண்டும். ஏசிக்கும் ஃபில்டர் கழுவத்தானே வேண்டும்? உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. கட்டடப் பணம் பெரும்பாலும் திட்ட நிதியிலிருந்து ஒருமுறை வருகிறது. மின் கட்டணமோ நகராட்சியின் சொந்த வருவாயிலிருந்து மாதாமாதம் போகிறது. கட்டுகிறவர் செலவைக் குறைத்தால் அவருக்குப் பாராட்டு. ஐம்பது ஆண்டு பில் கட்டுகிறவர் அந்த மேசையில் இல்லை. அதனால்தான் தட்டோட்டுக்கு அடியில் மறையும் இரண்டு அங்குல அட்டை முதலில் வெட்டப்படுகிறது. சுவரில் மின்னும் ஏசி தங்கிவிடுகிறது.

இந்தக் கட்டடம் யாருக்கு என்பதையும் கேட்க வேண்டும். பொறியியல் பிரிவில் நாற்காலியில் உட்காருபவர்களைவிடத் தெருவில் நிற்பவர்கள் அதிகம். பைப் ஃபிட்டர், சாலைப் பணியாளர், கால்வாய் தூர் வாருபவர், தெருவிளக்குக் கம்பத்தில் ஏறுபவர். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்தப் பேரிடர் முதலில் தொடும் உடம்புகள் இவர்களுடையவை. உச்சி வேளையில் இவர்கள் வந்து உட்கார, கட்டடத்திலேயே மிகக் குளிர்ந்த இடம் ஒதுக்கப்பட வேண்டும்: தரைத்தளத்தில், வடக்குப் பார்த்து, மேலே இன்னொரு மாடி வெயிலைத் தாங்கி நிற்க, மின்விசிறியும் குடிநீரும் குளியலறையும் பக்கத்தில். எல்லா எஸ்டிமேட்டிலும் கடைசியாக நினைக்கப்பட்டு, வண்டி நிறுத்தும் தகரக் கொட்டகையில் ஒரு பெஞ்சாக முடியும் இடம் அது. தகரத்தின் கீழ் ஓய்வெடுப்பது ஓய்வாகாது. கட்டடம் தன் உடம்பாலேயே குளிர்ந்திருந்தால் மின்சாரம் போன பிற்பகலிலும் அந்தக் கூடம் பயன்படும். இன்வெர்ட்டர் பேட்டரியில் மின்விசிறிகள் ஓடும்; வெயிலில் மயங்கிய வழிப்போக்கரையும் அங்கே படுக்க வைக்கலாம்.

டெண்டர் விடும் முன் ஒன்றைச் செய்து பார்க்கலாம். பொருள்களின் வெப்பத்தை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வேண்டும். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டிய கருவி உடல் வெப்பத்துக்கு மட்டும் உரியது, அது உதவாது. கத்திரி நாளொன்றில், மாலை நான்கு மணிக்கு, இப்போதுள்ள அலுவலகத்தின் மேல்மாடிக் கூரையின் அடிப்புறத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் ஓர் அறையின் அளவுக்கு மட்டும் வெள்ளை அடித்து, இரண்டு நாள் கழித்து, அதே நேரத்தில், அந்த அறையையும் பக்கத்து அறையையும் மறுபடி அளந்து பாருங்கள். கிடைக்கும் மூன்று எண்களைப் புதுக் கட்டடத்தின் எஸ்டிமேட்டில் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, எத்தனை டன் ஏசி என்பதைப் பிறகு கேளுங்கள்.